எந்த வயதில் எந்தப் பரிசோதனை? வடசென்னைக்காரர்கள் வாங்க, பேசுவோம்

கொடுங்கையூர்க்காரன் எழுதியது:

எங்கள் தெரு நலச்சங்கத்தில் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறோம். பேச எடுத்திருப்பது ஒரே விஷயம்: வீட்டில் இருப்பவர்கள் எந்தெந்த வயதில் என்னென்ன உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சில மாதங்களாக எங்கள் பக்கம் ஒவ்வொரு கதவிலும் துண்டுச் சீட்டு செருகிவிட்டுப் போகிறார்கள். ஒரே ஊசியில் உடம்பு முழுக்கப் பரிசோதனை, பாதி விலை என்று. ஆயிரக்கணக்கில் கட்டி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வந்த தாள்களை எந்த டாக்டரிடமும் காட்டாமல் பீரோவில் வைத்திருக்கிறார்கள். அதே தெருவில் பிரஷர் எவ்வளவு என்று வாழ்நாளில் பார்த்தே இராத ஆண்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

பச்சைக் குழந்தை முதல் பாட்டி வரைக்கும் உண்மையிலேயே தேவையானது எது, காசில்லாமல் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குறிப்பெடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

நல்ல காரியம் தம்பி. தண்டையார்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முப்பது வயதைத் தாண்டியவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு, கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும் பிக்மி எண் போட்ட நாளிலிருந்து யாராவது தேடி வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்த ஆணையும், கடைசிப் பிரசவம் முடிந்த பெண்ணையும்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதிலிருந்து ஐந்து விஷயம் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருஷத்துக்கு ஒருமுறை. வாய்ப்புற்றுப் பரிசோதனை எல்லோருக்கும், மார்பகமும் கருப்பை வாயும் பெண்களுக்கு. இந்த மூன்றும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, 65 வயது வரை. எல்லாமே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

பிரஷர் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முகாம்களில் இதுதான் அவசரத்தில் கெட்டுப்போகும். ஆள் மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு உட்காருவார், கையைத் தொங்கப்போட்டபடி பேசிக்கொண்டே இருப்பார், பட்டையைச் சட்டைக்கு மேலேயே சுற்றிவிடுவார்கள். வருகிற எண்ணை நம்ப முடியாது. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். அதற்கு அரை மணி முன்பிருந்து டீ, பீடி, சிகரெட் கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும், வாய் பேசக் கூடாது. ஒருமுறை பார்த்து, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே நோயாளி என்று முத்திரை குத்த வேண்டாம். வேறொரு நாள் திரும்பப் பாருங்கள், அப்போதும் அதே மாதிரி இருந்தால் டாக்டர். 180-க்கு மேல் போய் நெஞ்சுவலி, தலைவலி, கைகால் மரத்துப்போவது மாதிரி ஏதாவது சேர்ந்திருந்தால் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

தேரடித் தெரு எழுதியது:

நான் திருவொற்றியூர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். என் அப்பா ஒரு ஊசிகூடப் போட்டதில்லை, எண்பது வரைக்கும் இருந்தார். நன்றாக நடமாடுகிற மனிதனை உட்காரவைத்துத் தோண்டித் தோண்டிப் பார்த்தால் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும். அப்புறம் அந்தக் கவலையே அவனைத் தின்றுவிடும். உடம்பு சொல்லும்போது போனால் போதாதா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

ஐயா, சில நோயில் உடம்பு சொல்லும். பிரஷரிலும் சர்க்கரையிலும் ஆரம்ப வருஷங்களில் சொல்லவே சொல்லாது. பக்கவாதம் வந்து, வாய் கோணி, குடும்பத்தார் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் பலருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருந்ததே தெரியும். நான் பார்த்தவர்களில் நாற்பதைத் தொடாதவர்களும் உண்டு, மூட்டை தூக்குகிற திடகாத்திரமான ஆட்கள். ஒரு மாத்திரையில் தடுத்திருக்கலாமே என்று அவர்கள் மனைவிமார் முகத்தைப் பார்க்கவே முடியாமல் நின்றிருக்கிறேன்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. தேவையில்லாததைத் தோண்டினால் தேவையில்லாத கவலை வரும். அதனால்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வண்ணாரப்பேட்டை வாசகி எழுதியது:

அந்தத் தேவையில்லாத கவலையை எங்கள் வீட்டில் அனுபவித்தோம். என் நாத்தனார் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் மொத்தமாக ஒரு பேக்கேஜ் எடுத்தார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர். அதில் சி.ஏ. 125 என்று ஒன்று கொஞ்சம் கூடுதலாக வந்தது. இணையத்தில் தேடினால் சினைப்பைப் புற்று என்கிறது. வீடே சாப்பிடாமல் கிடந்தது. ஸ்கேன், மறுபடி ஸ்கேன், அப்புறம் இன்னொரு டாக்டர். கடைசியில் கருப்பையில் சாதாரண நார்க்கட்டி, மாதவிலக்கு நேரத்தில்கூட இந்த அளவு ஏறும் என்றார் மகப்பேறு மருத்துவர். ஆரோக்கியமான பெண்ணுக்கு இதை எடுக்கவே வேண்டாமாம்.

இவ்வளவு செலவு செய்தவர் கருப்பை வாய்ப் பரிசோதனை மட்டும் செய்துகொண்டதே இல்லை. அந்த பேக்கேஜில் அது இல்லை. ரத்தத்தில் பார்க்கிற சங்கதி இல்லையே அது.

லேப் தம்பி எழுதியது:

நான் அந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். அக்கா சொன்னதை மறுக்கவில்லை. சி.ஏ. 125 போன்ற புற்றுக் குறியீடுகளைச் சும்மா இருப்பவர்களுக்கு எடுப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் பேக்கேஜ் எல்லாமே வீண் என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். கம்பெனி காசு கட்டுகிறது என்பதற்காக மட்டுமே வந்து, வந்த இடத்தில் சர்க்கரை 300 இருப்பதைத் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தானாக ஒருநாளும் வந்திருக்க மாட்டார்கள்.

எடுப்பதானால் எதைக் கேட்டு வாங்கலாம் என்று சொல்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ஹீமோகுளோபின். நாற்பது வயதுக்காரருக்கு இவை போதும். வைட்டமின், ஹார்மோன் வரிசை எல்லாம் டாக்டர் கேட்டால் எடுங்கள். அப்புறம், தாளில் தடித்த எழுத்தில் வந்ததெல்லாம் நோய் என்று அர்த்தமில்லை. முப்பது நாற்பது விஷயம் பார்த்தால் நல்ல உடம்பிலும் ஒன்றிரண்டு எல்லைக்கு வெளியே நிற்கும்.

காசிமேட்டு அலை எழுதியது:

எல்லாம் சரி. எங்களுக்கு எப்போது நேரம்? விசைப்படகில் போனால் நாள்கணக்கில் கடல். கரைக்கு வந்தால் விடியுமுன் ஏலம், அப்புறம் ஐஸ், டீசல், வலை வேலை. வெறும் வயிற்றில் வா என்கிறார்கள். ராத்திரி முழுக்க வேலை பார்த்தவன் காலையில் எதையும் சாப்பிடாமல் வரிசையில் நிற்க முடியுமா? போனால் ஒரு நாள் கூலி போச்சு. சோம்பேறித்தனத்தால் போகவில்லை என்று யாரும் நினைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. சர்க்கரை பார்க்க வெறும் வயிறு அவசியமே இல்லை. முதல் கட்டத்தில் எந்த நேரமானாலும் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கலாம். 140-ஐத் தாண்டினால்தான் அடுத்த பரிசோதனைக்குச் சொல்வோம். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கும் சாப்பிட்டுவிட்டே வரலாம். 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. ரத்தசோகை இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு பிசகும், அப்போது வெறும் வயிற்று ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

நேரத்துக்கு வருகிறேன். 2023-இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 வரை இயங்கும்படி வைத்திருக்கிறார்கள். மாலை நேரம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். மருந்து எடுக்கப் போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கடலுக்குப் போகிறவர் மாத்திரை கொண்டுவரும் பெண்மணியிடம் முன்கூட்டியே சொல்லி, போகிற நாளுக்குச் சேர்த்து வாங்கிவைக்கலாமா என்று கேளுங்கள். மாத்திரை கையில் இல்லாமல் கடலில் கழிகிற நாட்கள்தான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவாடும் உப்புக் கண்டமும் நம் பக்கத்துச் சாப்பாடு, விடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

அப்புறம், மூட்டை தூக்குகிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறார்கள். வருஷக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். அப்படிப் போடுகிறவர்கள் கிரியாட்டினின் பார்த்தே ஆக வேண்டும்.

மணலி மைந்தன் எழுதியது:

எங்கள் பக்கத்துக் கேள்வி வேறு. சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மழை வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ராத்திரியில் ஜனங்கள் ஓடினார்கள். இங்கே குடியிருப்பவர்கள் வருஷா வருஷம் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? என் மகளுக்கு ஒன்பது வயது, குளிர்காலத்தில் இருமல் விடுவதே இல்லை.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தொந்தரவு இல்லாதவருக்கு வருஷா வருஷம் எக்ஸ்ரே தேவையில்லை. காற்றைச் சுத்தம் செய்யச் சொல்லி ஊர் கேட்க வேண்டியது தனி விஷயம், அதைப் பரிசோதனை ஈடுகட்டாது. ஆனால் உங்கள் மகளைக் கட்டாயம் காட்டுங்கள். ராத்திரி இருமல், விளையாடினால் இளைப்பு, மூச்சு விடும்போது விசில் சத்தம் இருந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை அந்த வயதுக் குழந்தைகள் செய்துவிடுவார்கள். இன்ஹேலர் என்றதும் பயப்பட வேண்டாம், அடிமையாக்காது.

இருமல் என்றதும் காசநோயையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறைவு, இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. வீட்டில் ஒருவருக்கு வந்தால் கூட இருக்கிற எல்லோரும் பார்க்க வேண்டும், கைக்குழந்தை உட்பட. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மறைக்க வேண்டிய வியாதி இல்லை இது. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கி இருந்தவர்கள் அளவுக்குக் குணமாகும் என்று உலகத்துக்கு 1959-இல் நிரூபித்ததே நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். அந்த ஆய்வை நடத்திய நிறுவனம் சேத்துப்பட்டில் இன்றும் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை வாசகி எழுதியது:

சிஸ்டர், கருப்பை வாய்ப் பரிசோதனை பற்றி எழுதுங்கள். எங்கள் பக்கம் பெண்கள் வெட்கத்தால்தான் போவதில்லை. என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

சொல்கிறேன். திரை போட்ட அறை, பெண் செவிலிதான் செய்வார். பிரசவப் பரிசோதனைக்குப் படுப்பது போலப் படுக்க வேண்டும். உள்ளே பார்ப்பதற்கு ஒரு கருவி வைப்பார்கள், அந்த நிமிஷம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் வைத்து, ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். செல்களில் மாறுதல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். வெள்ளை தெரிந்தாலே புற்று என்று அர்த்தமில்லை, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார்கள். புற்றாக மாறும் முன்பே அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட முடிகிற நோய் இது, அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன். மாதவிலக்கு நாட்களில் மட்டும் போக வேண்டாம். கர்ப்பத்தடை அறுவை செய்துகொண்டவர்களும் போக வேண்டும்.

மார்பகத்தை அதே நாளில் செவிலி கையால் பார்த்துவிடுவார். வீட்டில் நீங்களே கவனிக்க வேண்டியது: வலிக்காத கட்டி, தோல் உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் மார்பக எக்ஸ்ரேயான மம்மோகிராம் எப்போது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசி 2023-இல் வந்தது. 14 வயது மாணவிகளுக்கு அரசே போடும் என்று தமிழக பட்ஜெட்டில் 2025-இல் அறிவித்தார்கள், உங்கள் பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். ஊசி போட்டிருந்தாலும் முப்பதுக்கு மேல் பரிசோதனை வேண்டும்.

வண்ணாரப்பேட்டை வாசகி எழுதியது:

நன்றி சிஸ்டர். என் பங்குக்கு ஒன்று. இரண்டாவது பிரசவத்தில் எனக்குக் கர்ப்பகால சர்க்கரை இருந்தது. குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். அந்த ஒருமுறைப் பரிசோதனை முறையைப் பரவலாக்கியவர் சென்னை மருத்துவர் சேஷையா என்று பிறகு படித்தேன். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதன் பிறகும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று என் அம்மாதான் விடாமல் கூட்டிப்போனார். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாசை இளையவன் எழுதியது:

எனக்கு 24. வண்டியில் சாப்பாடு டெலிவரி. நானும் ஏதாவது பார்க்க வேண்டுமா? கூட வேலை செய்கிற பசங்க பாதிப் பேர் பாக்கும் புகையிலையும் கலந்த மாவா போடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

கேட்டதற்கே சந்தோஷம். பிரஷர் ஒருமுறை பார்த்து எண்ணைக் குறித்துவை. இடுப்பை டேப்பால் அள, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். வயது, இடுப்பளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கை மட்டும் வைத்து மதிப்பெண் போடும் முறை ஒன்றைச் சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது, ரத்தமே தேவையில்லை. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை என்றால் முப்பது வரை காத்திருக்காதே. எச்.ஐ.வி. பற்றிச் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, ரகசியம் காப்பார்கள்.

மாவா போடுகிற பசங்களிடம் இதைச் சொல். கண்ணாடி முன்னால் வெளிச்சத்தில் வாயைத் திறந்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஓரம் எல்லாம் பார்க்கச் சொல். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று பார்க்கச் சொல். முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் உள்ளே தோல் இறுக ஆரம்பித்துவிட்டது, அது புற்றாக மாறக்கூடும். அன்றோடு மாவாவை நிறுத்த வேண்டும்.

கொடுங்கையூர்க்காரன் எழுதியது:

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுங்கள் சிஸ்டர், அதோடு என் குறிப்பு முடிந்துவிடும்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கும் பரிசோதனையும் குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டும் பார்த்தார்களா என்று பிரசவ வார்டிலிருந்து வெளியே வருமுன் கேட்க வேண்டும். இரண்டையும் தாமதமாகக் கண்டுபிடித்தால் பேச்சும் அறிவும் பின்தங்கிவிடும். பிறகு அட்டைப்படி தடுப்பூசி. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தரும் குடற்புழு மாத்திரை, வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை, இவற்றைப் பிள்ளைகள் பையில் மறைத்துக் கொண்டுவந்து குப்பையில் போடுவார்கள், கவனியுங்கள். அங்கன்வாடியில் வருஷத்துக்கு இரண்டு முறையும் பள்ளியில் ஒருமுறையும் மருத்துவக் குழு வரும். படிப்பில் திடீரென்று மந்தமான பிள்ளைக்கு முதலில் கண்ணைப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு: நாற்பதுக்கு மேல் கண் அழுத்தம், அறுபதில் கண்புரை, காது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லிருந்து இருக்கிறது, நம் பக்கத்திலிருந்து ரயில் ஏறினால் பக்கம்தான். சர்க்கரை உள்ளவர்கள் வயது பார்க்க வேண்டாம். கண்டுபிடித்த வருஷத்திலிருந்தே ஆண்டுதோறும் விழித்திரை, பாதம், சிறுநீரில் ஆல்புமின். கண் நன்றாகத் தெரிகிறதே என்பார்கள், தெரியும்போதே பார்க்க வேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றும் பெரியவர்களுக்கு நிற்கவைத்தும் பிரஷர் பாருங்கள், விழுந்து இடுப்பெலும்பு உடைவது இதனால்தான் பல வீடுகளில். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் சனிக்கிழமை மருத்துவ முகாம்களில் இதயத்துக்கான எக்கோ, ஸ்கேன்வரை பார்த்தார்கள். இப்போதும் நடக்கிறதா, நடந்தால் நம் மண்டலத்தில் எந்த வாரம் என்று சுகாதார நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேரடித் தெரு எழுதியது:

அம்மா, நேற்று மாலை தேரடி பக்கத்து மையத்தில் போய்ப் பார்த்தேன். 158/96. மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தலைவலிகூட இல்லை எனக்கு.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

போனதற்கு நன்றி ஐயா. இந்த வாரத்திலேயே திரும்பப் போங்கள், வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். அதற்குள் உப்பைக் குறையுங்கள். மாத்திரை எழுதினால் எண் இறங்கிய பிறகும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொடுங்கையூர்க்காரன் எழுதியது:

முடிவு செய்துவிட்டோம். கூட்டத்தன்று எந்த லேபையும் அழைக்கவில்லை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, பிரஷர் கருவி, டேப். சுகாதார நிலையத்துச் செவிலி விரல் நுனிச் சர்க்கரை பார்க்க வர ஒப்புக்கொண்டிருக்கிறார். சர்க்கரை 140-ஐத் தாண்டியவர்கள், பிரஷர் 140/90-ஐ எட்டியவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் சங்கத்து ஆள் ஒருவர் கூடவே போய் மையத்தில் காட்டுவார். பெண்களின் பரிசோதனைக்கு வேறொரு நாள், ஐந்தாறு பேராகச் சேர்ந்து போவார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

நானும் வருகிறேன். எல்லோரும் சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். பீரோவில் இருக்கும் அந்தத் தாள்களையும்தான்.

காசிமேட்டு அலை எழுதியது:

எங்கள் படகு அந்த வாரம் கரையில் இருக்கும். ஏலம் முடிந்து பதினோரு மணிக்கு மேல் படகு ஆட்களைக் கூட்டி வரலாமா? உங்கள் தெரு இல்லையே என்று பார்க்கிறேன்.

கொடுங்கையூர்க்காரன் எழுதியது:

தாராளமாக வாங்க அண்ணே. ஒரு மணி வரை நாற்காலியை எடுக்க மாட்டோம். எத்தனை பேர் என்று மட்டும் முதல்நாள் சொல்லிவிடுங்கள், சர்க்கரை பார்க்கும் பட்டை அதற்கேற்ற மாதிரி வாங்கி வைக்க வேண்டும்.